மழைக் கணக்கு

மலைநாட்டுத் தோட்டக் கந்தோர்களைப் பார்த்தவர்கள், அவற்றின் முற்றத்தில் சிறு கம்பி வேலிக்குள் தனித்து நிற்கும் மழைமானியையும் பார்த்திருப்பார்கள். உருண்டையான ஓர் உலோகக் கலம். அதன் வாயில் ஒரு புனல். உள்ளே ஒரு போத்தல். துரைமார் மாறினார்கள், நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன, 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளுக்குப் போயிற்று. இத்தனை மாற்றங்களுக்கும் நடுவே, காலைதோறும் ஒருவர் சென்று போத்தல் நீரை அளவுக் குவளையில் ஊற்றி அளந்து புத்தகத்தில் எழுதும் வழக்கம் மட்டும் மாறவேயில்லை. 'மழைத்தண்ணி அளக்கிறது' என்று தோட்டத்தார் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உரம் எப்போது போடுவது, கவ்வாத்தை எப்போது தொடங்குவது என்பனவெல்லாம் அந்தக் கணக்கைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன.

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் அந்தக் கணக்கைச் சில ஆண்டுகள் எழுதியவள் ஒரு சிறுமி. அவளுக்கு நாம் செய்த பிழையை இவ்வளவு காலம் கழித்தாவது எழுதி வைக்க வேண்டுமென்று தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவிலிருந்த ஒரு தோட்டப் பாடசாலையில் நாம் விஞ்ஞானமும் கணிதமும் கற்பித்துக்கொண்டிருந்தோம். தகரக் கூரை. ஆனி ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவ மழை இறங்கினால் ஆசிரியரின் குரல் முதல் வாங்குக்கு அப்பால் எட்டாது. அப்போதெல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை ஏதாவது எழுதச் சொல்லுவோம். அப்படியான ஒரு நாளில், ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்தி பாடப் புத்தகத்துக்கு அடியில் வேறொரு கொப்பியை விரித்து வைத்துக் கட்டங்கள் வரைந்துகொண்டிருந்ததைக் கண்டோம். வாங்கிப் பார்த்தோம். ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம்; ஒரு வரிக்கு ஒரு நாள்; ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அங்குலத்தில் ஓர் அளவு. இரண்டு ஆண்டுகளுக்குரிய கணக்கு அதில் இருந்தது.

அவளுடைய தகப்பனார் கந்தோர்க் காவல்காரர். மழைமானி அவர் பொறுப்பில் இருந்தது. அவருக்குக் கண்பார்வை மங்கிவர, மகளை உடனழைத்துக்கொண்டு போயிருக்கிறார். அவள் அளவைப் பார்த்துச் சொல்லுவாள். கந்தோருக்குரிய துண்டில் எழுதிக் கொடுப்பாள். பிறகு தன் கொப்பியிலும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுவாள். ஏன் எடுத்தாய் என்று கேட்டோம். "சும்மாதான் சேர்" என்றாள்.

கண்ணாடிக் குவளையில் நிற்கும் நீர் ஓரங்களில் சற்று ஏறி நடுவில் பள்ளமாயிருக்கும் என்பதையும், அந்தப் பள்ளத்தின் அடியைக் கண்மட்டத்தில் வைத்து வாசிக்க வேண்டுமென்பதையும் நாம் வழக்கமாகக் கரும்பலகையில் படம் வரைந்து சொல்லிக்கொடுப்போம். ஆய்கூடம் இல்லாத பாடசாலையில் வேறு வழியில்லை. அவளுக்கு அது முன்னரே தெரிந்திருந்தது. எப்படி என்று வினவியபோது அவள் சொன்ன விடை இன்றும் காதில் நிற்கிறது: "ஓரத்துல பாத்தா அப்பா ஒன்னு சொல்றாங்க, நா ஒன்னு சொல்றேன். அடியில பாத்தா ரெண்டு பேருக்கும் ஒன்னுதான் வருது சேர்." இரண்டு பேர் தனித்தனியே பார்த்தாலும் ஒரே விடை வரும் முறையே நம்பத்தக்க முறை என்பதை, எவரும் சொல்லிக்கொடுக்காமல், அரை அங்குலக் குவளையொன்றை வைத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்திருந்தாள். பயிற்சிக் கல்லூரியில் அளவீட்டு வழுவைப் பற்றி நாம் எழுதிய நீண்ட கட்டுரையில் இவ்வளவு தெளிவு இருந்ததாக நினைவில்லை.

கொப்பியின் ஓரத்தில் சிறு குறிப்புகளும் இருந்தன. 'பெருங்காத்து', 'பெரட்டு இல்லை', 'மேல்மலை ரோட்டில் மண் விழுந்தது' என்பன போன்றவை. மண் விழுந்த நாட்களுக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தாள். அவற்றைக் காட்டி இன்னொன்றும் சொன்னாள். ஒரு நாள் கொட்டுகிற மழையில் மண் விழுவதில்லையாம். மூன்று நான்கு நாள் நனைந்த பிறகு வருகிற மழையில்தான் விழுகிறதாம். மலைச்சரிவை ஆராய்பவர்கள் முன்னைய நாட்களின் மழையையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே நாம் படித்தறிந்தோம்.

சாதாரணதரப் பரீட்சையில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அவள் நல்ல சித்தி பெற்றாள். பெறுபேற்றுத் துண்டை எடுத்துக்கொண்டு தாயுடன் வந்தாள். தாய் கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் படங்குச் சேலையுடன் உள்ளே வரத் தயங்கி நின்றது நினைவிருக்கிறது. எந்தத் துறை எடுக்கலாம் என்று கேட்டார்கள். நாம் கலைத்துறை என்றோம். நமது பாடசாலையில் அவ்வாண்டுதான் உயர்தரக் கலை வகுப்பு தொடங்கியிருந்தது. அதற்கு மாணவர் தொகை வேண்டியிருந்தது. விஞ்ஞானம் படிப்பதானால் அட்டனுக்குப் போக வேண்டும். போக வர பஸ் காசு. மழைக் காலத்தில் இருட்டிய பிறகு வயதுவந்த பெண் தனியே மலையேறி வர வேண்டும். டியூஷன் இல்லாமல் அப்பாடங்கள் ஓடா. நாம் சொன்ன காரணங்களில் ஒன்றும் பொய்யன்று. ஆயினும் அவள் கேட்ட ஒரு கேள்விக்கு நாம் சொன்ன விடை பொய். "மழையப் பத்திப் படிக்கிற வேலைன்னு ஏதும் இருக்கா சேர்?" என்று கேட்டாள். "அதெல்லாம் நமக்குச் சரிவராது பிள்ளை. பொம்பிளைப் பிள்ளைகள் செய்கிற வேலையில்லை அது" என்றோம். தாய் தலையாட்டினார். அவளும் சரியென்றாள்.

இது நிகழ்ந்தபோது அன்னா மணி உயிருடன் இருந்தார். அந்தப் பெயரை நாம் அறிந்திருக்கவில்லை.

பிறரையும் கொஞ்சம் பங்குதாரராக்க விரும்புகிறோம், தப்பித்துக்கொள்வதற்காக அன்று. தோட்டப் பள்ளிக்கூடங்களின் கதை ஆசிரிய நண்பர்களுக்குத் தெரிந்ததுதான். 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிருவாகியிடமே விட்டது. உழைப்பவன் பிள்ளை எவ்வளவு படிக்கலாம் என்பதை உழைப்பை வாங்குகிறவன் தீர்மானிக்கும் விந்தையான ஏற்பாடு. 1945 இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. தோட்டப் பள்ளிகள் அதன் பயனைக் காண ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காத்திருந்தன. இடையில், 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பங்கிட்டது. எழுபதுகளில் அரசு இப்பள்ளிகளைப் பொறுப்பேற்றபோது பலவற்றில் இருந்தது ஒரு மண்டபமும் ஓர் ஆசிரியரும். அந்த அடித்தளத்தின் மேல் உயர்தர விஞ்ஞானம் உடனே எழும்பிவிடுமா? கலைத்துறை தொடங்கச் சோக்கட்டி போதும்; விஞ்ஞானத்துக்கு ஆய்கூடம் வேண்டும், பௌதிகத்துக்கு ஓர் ஆசிரியர், இரசாயனத்துக்கு வேறோர் ஆசிரியர் வேண்டும். ஆகவே மலையகத்தில் துறையைத் தெரிவு செய்வது பிள்ளையின் விருப்பமாக இருந்ததில்லை. பாடசாலையில் என்ன இருக்கிறதோ அதுவே பிள்ளையின் விருப்பமாயிற்று. ஆண்பிள்ளையாவது உறவினர் வீட்டில் தங்கி அட்டனிலோ கண்டியிலோ படிக்கப் போனான். பெண்பிள்ளைக்கு அந்த வாசலும் அடைப்பு.

பின்னர் நாம் பட்டணத்தையொட்டிய வேறொரு பாடசாலைக்கு மாற்றம் பெற்றோம். அங்கே ஆய்கூடம் என்ற பெயரில் ஓர் அறையும், அதன் சுவரில் மேரி கியூரியின் படமொன்றும் இருந்தன. பரிசளிப்பு விழாக்களுக்கு வரும் பிரமுகர்கள் தவறாமல் அந்தப் படத்தைச் சுட்டிப் பேசுவார்கள். இரண்டு நோபல் பரிசுகள் பெற்றவர், நீங்களும் அவரைப் போல் வரவேண்டும் என்பார்கள். ஆய்கூடத்துக்கு நீர்க் குழாய் வேண்டும் என்ற விண்ணப்பத்தைக் கையிற் கொடுத்தால், பார்க்கலாம் என்பார்கள்.

அங்கே ஒரு நாள் மேரி கியூரியின் வாழ்க்கையை நாம் உருக்கமாகச் சொல்லி முடித்தபோது, கடைசி வாங்கிலிருந்த ஒரு பெண் எழுந்து, "இவங்க அப்பாவுக்கு என்னா வேலை சேர்?" என்றாள். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கியூரியின் தகப்பனார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். அதைச் சொன்னோம். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

அந்த 'அப்ப சரி' நம்மைப் பல நாள் தூங்கவிடவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு முன்மாதிரியைக் காட்டினால், அப்பிள்ளை முதலில் பார்ப்பது பரிசையன்று; அந்த மனுஷி எந்த வாசலிலிருந்து புறப்பட்டாள் என்பதைத்தான். பஸ் காசு யார் கொடுத்தார்கள், எங்கே தங்கினாள், யார் மறித்தார்கள், மறித்தபோது என்ன செய்தாள் என்பவற்றை அறிய விரும்புகிறாள். சுவரில் தொங்கும் படங்கள் இவற்றைச் சொல்வதில்லை. அன்றிலிருந்து விஞ்ஞானத்தில் ஈடுபட்ட பெண்களின் வரலாறுகளை நாம் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படிக்கும்போதெல்லாம் அப்பெண்ணின் கேள்வியையே முதலிற் கேட்டோம். அப்படித் தேடியபோதுதான் அன்னா மணி வந்து சேர்ந்தார்.

அவர் 1918 ஆகஸ்டு 23 ஆம் நாள் திருவிதாங்கூர் நாட்டின் பீர்மேட்டில் பிறந்தார். பீர்மேடு நமக்கு அந்நியமான இடமன்று. அதுவும் மலை; அங்கும் தேயிலை; அங்கும் தமிழ்நாட்டுச் சமவெளிகளிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற சனங்களே கொழுந்து பறித்தார்கள். அன்னா மணியின் தகப்பனார் ஒரு பொறியியலாளர்; ஏலத் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். எட்டாவது பிறந்த நாளில் வீட்டு வழக்கப்படி வைரத் தோடு கொடுக்க முன்வந்தபோது, தோடு வேண்டாம், பிரித்தானியக் கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள் என்று அச்சிறுமி கேட்டதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். இதை வகுப்பிற் சொன்னால் நம் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தோம். தோடும் கலைக்களஞ்சியமும் ஒருங்கே கிடைக்கக்கூடிய வீட்டில் ஒன்றை மறுத்து மற்றொன்றைக் கேட்பது துணிவுதான். ஆனால் அது பங்களாவின் துணிவு. அதே மலையில், அதே 1918 இல், லயத்துக் காம்பராவில் பிறந்த ஒரு பெண்குழந்தை எட்டு வயதில் என்ன கேட்டிருக்கும்? பதில் எந்த வரலாற்றிலும் இல்லை.

இவ்வாறு சொல்வதால் அன்னா மணியின் உயரம் குறைந்துவிடாது. அவருக்கும் வாசல்கள் அடைக்கப்பட்டன. சென்னையிற் பட்டம் பெற்ற பின் 1940 இல் உபகாரச் சம்பளத்துடன் பங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குச் சென்று, சி. வி. இராமனின் ஆய்கூடத்திற் சேர்ந்தார். சில ஆண்டுகளுக்கு முன், 1933 இல், கமலா பாகவத் என்ற மாணவியைப் பெண் என்பதற்காகவே ஏற்க மறுத்து, அவர் விடாது நின்ற பிறகு நிபந்தனைகளுடன் அனுமதித்த அதே இராமன். அந்தக் கமலாவே பின்னர் கமலா சோஹோனி என அறியப்பட்ட உயிர்இரசாயன அறிஞர். 1939 இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வைரத் தோட்டை மறுத்த அன்னா மணி இராமனின் ஆய்கூடத்தில் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். மங்கலான அந்த ஒளியைத் தட்டிற் பதிய வைக்க 15, 20 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. இரவுகளை அவர் ஆய்கூடத்திலேயே கழித்தார். ஐந்து ஆய்வுரைகள் வெளிவந்தன. 1945 இல் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கலாநிதிப் பட்டத்துக்கான நூலைச் சமர்ப்பித்தபோது, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லிப் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அந்த நூல் பங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில், பட்டம் பெற்ற மற்றவர்களுடைய நூல்களோடு ஒன்றாக இருக்கிறது.

அதே ஆண்டு அரசாங்க உபகாரச் சம்பளத்தில் இலண்டனுக்குப் போனார். பௌதிகம் படிக்க விரும்பியவருக்குக் கிடைத்த இடம் வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சி. கிடைத்ததைப் பற்றிக்கொண்டார். 1948 இல் திரும்பி வந்து புனாவில் இந்திய வானிலைத் துறையிற் சேர்ந்தார். மழைமானி, வெப்பமானி, காற்றுமானி என்று ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தி உள்நாட்டிலேயே செய்வித்தார். 1953 அளவில் அவரது பிரிவில் அவருக்குக் கீழ் 121 ஆண்கள் பணியாற்றினார்கள் என்று சொல்லும்போது நம் வகுப்பின் பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுவார்கள். அந்தப் பார்வைக்காகவே அந்தத் தொகையைத் தவறாமற் சொல்லுவோம். பிழையான அளவு, அளவே இல்லாதிருப்பதைவிடக் கேடானது என்பது அவர் கொள்கை. 1976 இல் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். அதன் பின்னும் இந்தியாவின் சூரிய ஒளியையும் காற்றின் வலுவையும் அளந்து நூல்கள் வெளியிட்டார். 2001 இல் மறைந்தார்.

மழைமானி! 'மழையப் பத்திப் படிக்கிற வேலை' இருந்தது. அதைச் செய்தவர் ஒரு பெண். அதுவும் ஒரு மலைக்காட்டிற் பிறந்த பெண். இது தெரிந்திருந்தால் அன்று நாம் வேறு பதில் சொல்லியிருப்போமா? சொல்லியிருப்போம் என்றே நினைக்கிறோம். பஸ் காசுப் பிரச்சினை தீர்ந்திராது. ஆனால், அந்தச் சொல்லால் அந்தக் கேள்வியைக் கொன்றிருக்க மாட்டோம்.

ஒருவர் மட்டும் போதாது என்பதும் வகுப்பறையிலேயே தெரிந்தது. ஜானகி அம்மாளைச் சொன்னோம்: 1897 இல் தலைச்சேரியிற் பிறந்து, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பைக் காட்டுப் புல்லினங்களோடு கலந்து ஆய்ந்தவர், 1945 இல் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் நிறமூர்த்தங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டவர். தீயர் குலத்திற் பிறந்ததால் அவர் பட்ட அவமதிப்புகளையும் மறைக்காமற் சொன்னோம். தகப்பனார் நீதிபதி என்றதும் மீண்டும் 'அப்ப சரி' வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1964 இற் பொறியியற் பட்டம் பெற்று இந்நாட்டின் முதற் பெண் பொறியியலாளராகிய பிரேமளா சிவசேகரத்தைச் சொன்னபோது வகுப்பு நிமிர்ந்தது. காரணம் எளிது: தமிழ்ப் பெயர், இந்நாட்டுப் பல்கலைக்கழகம். 2023 செப்டம்பர் 2 ஆம் நாள் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகார் சாஜி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் செங்கோட்டையில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் என்றபோது, ஒருத்தி வரைபடப் புத்தகத்தை எடுத்துச் செங்கோட்டையைத் தேடினாள். பாட்டனார் அந்தப் பக்கத்து ஊரிலிருந்துதான் வந்தாராம்.

இவர்கள் எல்லாரையும்விட நெருங்கியவர்கள் இன்று இருக்கிறார்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் லயங்களிலிருந்து புறப்பட்டு வைத்தியர்களாக, விஞ்ஞான ஆசிரியைகளாக, பொறியியலாளர்களாக ஆகிய பெண்கள் மலையகத்தில் உண்டு. தொகை சிறிது, ஆனால் கதையன்று. அவர்களுடைய படங்கள் எந்தச் சுவரிலும் இல்லை. அப்படி ஒருவரை நாம் வகுப்புக்கு அழைத்து வந்தபோது பிள்ளைகள் நோபல் பரிசைப் பற்றிக் கேட்கவில்லை. "மண்ணெண்ணெய் விளக்குலயா படிச்சீங்க அக்கா?" என்று கேட்டார்கள். "உயர்தரத்துல முதல் தடவை எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டார்கள். முதல் தடவை போதவில்லை, இரண்டாம் தடவைதான் கிடைத்தது என்று அவர் சொன்ன சொல் அன்று செய்த வேலையை நமது பத்து ஆண்டுப் பிரசங்கங்கள் செய்யவில்லை.

தொழிற்சங்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "முதலில் நாட்கூலி, பிறகு காணி, அதற்குப் பிறகு பார்ப்போம் உங்கள் பெண் விஞ்ஞானிகளை" என்றார். அவர் மேல் நமக்கு மதிப்புண்டு. எடை குறைந்தால் அரைப்பேர் போடுகிற உலகத்தில், மகளைப் பௌதிகம் படிக்க அனுப்பு என்று தாய்க்கு உபதேசம் செய்வது வெட்கக்கேடு என்பதையும் ஒத்துக்கொள்ளுகிறோம். முப்பதுகளில் நடேசய்யருடன் தோட்டந்தோட்டமாகச் சென்று பாடல்களாலேயே தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சியம்மை போன்ற பெண்களை இந்த மலை கண்டிருக்கிறது. அந்த மரபு இல்லாவிட்டால் பள்ளிக்கூடமே வந்திராது. ஆயினும் அந்த நண்பரின் வரிசைமுறை நமக்குச் சம்மதமில்லை. விஞ்ஞானம் கூலி உயர்ந்த பிறகு வாங்கி அணியும் நகையன்று. இந்த மலையில் அது தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

1869 இல் கோப்பி இலைகளில் மஞ்சள் துரு படர்ந்தது. துரைமாரின் வருமானம் சரியத் தொடங்கியதும் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி 1880 இல் இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் அந்தப் பூஞ்சணத்தை ஆராய்ந்தார். கோப்பி பிழைக்கவில்லை; தேயிலை வந்தது. 1925 ஆம் ஆண்டுச் சட்டம் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைத் தந்தது. அது தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. 1946 இல் கொப்புள நோய் வந்தபோது அந்நிலையம் பெரும்பாடுபட்டது. அந்த நோயின் எண்ணெய்ப் பொட்டுப் போன்ற முதல் அடையாளத்தை இலையில் எவர் கண்ணுக்கு முதலில் தெரியும்? விரல்நுனிகளை நாள் முழுதும் அந்த இலைகளிலேயே வைத்திருக்கும் பெண்ணுக்கு. தவரணைக்குச் சென்று பாருங்கள். வீ.பி. தேயிலைக்கு ஓரிலையும் ஒரு கணுவுமாகத் துண்டு வெட்டி, சாய்கோணம் தவறாமல், மொட்டுச் சிதையாமல், நூற்றுக்கணக்கிற் பைகளில் நடுகிறவர்கள் பெண்கள். தாவரவியல் செய்முறைப் பரீட்சையில் இதற்குப் புள்ளியுண்டு. தவரணையில் இதற்குப் பெயர் கைவேலை. ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலைப் பஸ்ஸில் தினமும் கடந்து போகும் நம் பிள்ளைகளிற் பலர் அது இன்னொரு துரைமார் கந்தோர் என்றே நினைத்திருந்தார்கள். ஒருமுறை மாணவிகளை உள்ளே அழைத்துச் சென்றோம். நுணுக்குக்காட்டியினூடே இலையைப் பார்த்த ஒருத்தி, "எங்கம்மா இத தினம் பறிக்கிறாங்க, ஒரு நாளும் பாத்ததில்ல" என்றாள்.

மழைக்கே வருவோம். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. நேர்கோட்டில் 30 கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவிலுள்ள நுவரெலியாவில் 2,000 மில்லிமீற்றர் அளவுதான். தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் மோதி ஏறும்போதே சுமையை இறக்கிவிடுகிறது. ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் மழை வேறுபடும் இந்நாட்டில், கொழும்பிலிருந்து வரும் அறிவித்தல் ஒரு குறிப்பிட்ட லயத்துக்குப் பொருந்துமா என்பதை அந்த லயத்துக்குப் பக்கத்திலுள்ள மழைமானிதான் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிரு, 100 பெய்தால் புறப்பட ஆயத்தமாயிரு, 150 பெய்தால் உடனே வெளியேறு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்கு அறிவுறுத்துகிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. சனங்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் மீண்டும் இறங்கின.

சூறாவளி ஓய்ந்து பாதைகள் திறந்த பிறகு நாம் பழைய தோட்டத்துக்குப் போனோம். மழைமானி கந்தோர் முற்றத்தில் அப்படியே நிற்கிறது. வேலிக்குப் புதிய பச்சை வர்ணம். அன்றைய சிறுமி இன்று பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறார். கலைத்துறையில் உயர்தரம் எழுதினார், பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை, சில ஆண்டுகள் கொழுந்து பறித்தார், பிறகு இந்த வேலை. மடுவத்தில் ஏழெட்டுத் தொட்டில்கள். நம்மைக் கண்டதும் எழுந்து, "வாங்க சேர்" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

பேச்சு மழையைப் பற்றியே போயிற்று. கடைசியில் அவரே கேட்டார்: "அந்தக் கொப்பி இருக்கா சேர்?"

பரீட்சைக்கு முன் ஒரு நாள், கணக்கைப் படியெடுத்துக்கொண்டு தருகிறேன் என்று அவரிடமிருந்து அதை வாங்கியிருந்தோம். மூன்று ஆண்டுக் கணக்கு அப்போது அதில் நிறைந்திருந்தது. ஆசிரியர் அறையின் அலமாரியில் வைத்தோம். படியெடுக்கவில்லை. கூரை ஒழுகி, அந்தத் தட்டிலிருந்த காகிதங்களெல்லாம் ஒரு மழைக்காலத்தில் ஊறிக் கூழாகிவிட்டன. மாற்றம் பெற்றுப் போகும்போது அலமாரியைத் துப்புரவு செய்தவர்கள் அவற்றை அள்ளி எறிந்திருப்பார்கள். இதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை. அன்று சொன்னோம்.

"பரவாயில்லீங்க சேர்" என்றார். சற்று நேரம் தொட்டிற் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். "எல்லா நாளும் ஞாபகம் இல்ல. ஒரு நாள் மட்டும் மறக்கல. நா பத்தாம் வகுப்பு. போத்தல் ரொம்பி வெளிக் கலத்துலயும் தண்ணி நின்னுச்சு. குவளைய பதினாறு தடவை ரொப்பி ஊத்தினோம். அப்பாவும் எண்ணினாங்க, நானும் எண்ணினேன். ரெண்டு பேருக்கும் பதினாறுதான்."

அரை அங்குலக் குவளை. பதினாறு தடவை என்றால் எட்டு அங்குலம். மனக்கணக்காக 203 மில்லிமீற்றர் என்றோம்.

"நூத்தம்பதுக்கு மேலன்னா எழும்பிப் போகணும்னு இப்ப ரேடியோவுல சொல்றாங்க" என்றார். "அன்னிக்கு முந்தின ராத்திரி நாங்க எல்லாரும் லயத்துலதான் சேர் படுத்திருந்தோம்."

ஒரு குழந்தை அழுதது. அவர் அந்தத் தொட்டிலின் பக்கம் போனார்.